பதினோரு குழுக்களின் கவிஞர்

உலகில் இன்று உயிரோடு இருக்கும் தமிழ்க் கவிஞர்களிலேயே அதிகம் வாசிக்கப்படுகிறவர் மெல்பர்னின் மேற்குக் கோடியில், டார்னெய்டில், நாலு படுக்கையறையும் இரட்டைக் கராஜும் உள்ள ஒரு வீட்டில் தனியாக வசிக்கிறார். பெயர் பார்த்தசாரதி. புனைபெயர் டார்னெய்ட் சாரதி. இந்தத் தகவலை முதன்முதலில் வெளியிட்டவரும் அவர்தான். இன்றுவரை யாரும் மறுக்கவில்லை என்பதால் அது நிரூபிக்கப்பட்டுவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

கணக்கு எளிமையானது. வாட்ஸ்அப்பில் அவர் பதினோரு குழுக்களில் இருந்தார். டார்னெய்ட் தமிழர் குழு, திருச்சிக் கல்லூரித் தோழர்கள், கோயில் கும்பாபிஷேகக் குழு, எப்போதோ விற்றுவிட்ட வேளச்சேரி ஃபிளாட்டின் குடியிருப்போர் சங்கம், அவர் ஒருநாளும் மட்டையைத் தொடாத பேட்மிண்டன் குழு, இலக்கிய வட்டம், சொந்தபந்தம் எல்லாம் அடங்கிய குடும்பக் குழு என்று அந்த வரிசை நீளும். அத்தனை பேரையும் கூட்டி, ஒவ்வொருவரும் வீட்டில் இன்னொருவருக்காவது காட்டாமலா இருப்பார் என்று இரண்டால் பெருக்கினால் ஒரு சின்ன நகராட்சியின் மக்கள்தொகை வந்தது. புத்தகம் போட்டு, விற்காத பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டு அதன்மேல் படுத்துத் தூங்கும் கவிஞர்களை நினைத்தால் அவருக்கு உண்மையிலேயே பாவமாக இருக்கும்.

"எழுதி ஒரு மணி நேரத்துக்குள்ள அனுப்பாத கவிதை கவிதையே இல்ல. அது ஃபிரிட்ஜ்ல மறந்துபோன இட்லி" என்பது அவருடைய கவிதைக் கொள்கை.

கொள்கைக்குப் பழுதில்லாமல் தினமும் காலையில் காப்பி ஆறுவதற்குள் ஒரு கவிதை எழுதுவார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை என்டரைத் தட்டுவார். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி, அதற்கடியில் டார்னெய்ட் சாரதி. பதினோரு குழுக்களுக்கும் போகும். அடுத்த நிமிடமே கைகூப்பும் படங்களும் கைதட்டும் படங்களும் வரிசையாக வந்து விழும். விரல்கள் அந்த நடைக்குப் பழகிப்போய், டார்னெய்ட் குழுவில் புகார் எழுதினாலும்,

"குப்பைத் தொட்டி
இன்னும்
எடுக்கப்படவில்லை"

என்றுதான் வந்தது. அதற்கும் இரண்டு பேர் கைகூப்பினார்கள்.

கவிதைகளின் பொருள் பெரும்பாலும் தனிமை. உருகும் மெழுகு, ஒற்றைப் பறவை, காத்திருக்கும் ஜன்னல், வாரத்துக்கு நாலு நிலா. இது யாருடைய தனிமை என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அது மானுடத் தனிமை.

வீட்டு நிலவரம் என்னவென்றால், அவருடைய மனைவி சந்திரகலா சிட்னியில் இருந்தார். நார்த்மீடில் இருக்கும் மகள் வர்ஷாவுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனவர். மூன்று மாதம் முடிந்தபோது குழந்தை குப்புற விழுந்தது. பிறகு தவழ்ந்தது. பிறகு வர்ஷா வேலைக்குத் திரும்பினாள். பிறகு குழந்தைகள் காப்பகத்தில் போட்டதும் வாரத்துக்கொரு காய்ச்சல். இப்போது குழந்தை நன்றாகப் பேசுகிறது. அதன் அகராதியில் தாத்தா என்பது போனுக்குள் தெரியும் ஒரு முகம், அதிலும் பெரும்பாலும் நெற்றி.

பார்த்தசாரதி கணினி நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளர். வீட்டிலிருந்தே வேலை. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் நாலு நகரங்களில் இருந்தார்கள், ஒருவரும் கேமராவைப் போடுவதில்லை. ஆக, ஒரு வாரத்தில் அவர் நேரில் முகம் பார்த்துப் பேசிய ஆட்களைக் கணக்கெடுத்தால் மளிகைக் கடைப் பையனும், மருந்துக் கடை சிவனேஸ்வரியும் தேறுவார்கள். அந்தக் கணக்கை அவர் எடுத்ததில்லை. அவரிடம் மேலே சொன்ன கணக்கு இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் இலக்கிய வட்டத்தின் செயலாளர் பாலா, உலகக் கவிஞர் வரிசையில் பேசுவதற்கு அவரைக் கூப்பிட்டார். பாலாவுக்கு வயது முப்பத்தைந்துதான். ஆனால் நன்றியுரை சொல்லிச் சொல்லி அறுபதுபோல் பேசுவார்.

"சார், ஜூன் மாசத்துக்கு ஒரு அமெரிக்கப் பெண் கவிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டு. எங்க போனாலும் பாடத்துல வெச்சிருக்காங்க. நீங்கதான் பண்ணணும்."

அந்த அம்மையாரின் பெயர் இந்தக் கதையில் வராது. உயிரோடிருந்தவரை தன் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர். இவ்வளவு காலம் கழித்து டார்னெய்டிலிருந்து அதை மீறுவது முறையல்ல.

பார்த்தசாரதி இரண்டு இரவு இணையத்தில் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. சமூகக் கூடத்தின் சின்ன அறையில், மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருந்த இருபது பேருக்கு முன்னால் அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்து வைத்தார்.

"இந்தம்மா ஆயிரக்கணக்குல கவிதை எழுதுனாங்க. உயிரோட இருக்கும்போது வெளிவந்தது விரல் விட்டு எண்ணலாம். மிச்சத்தையெல்லாம் என்ன பண்ணாங்க? தச்சு, கட்டி, பெட்டியில போட்டுட்டாங்க. செத்ததுக்கு அப்புறம் தங்கச்சி எடுத்துப் பாத்துட்டு மயக்கம் போடாத குறை. நான் கேக்கறேன், வீட்டுல ஒரு தங்கச்சி இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?"

கூட்டம் சிரித்தது. அவர் சூடு பிடித்தார்.

"வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு வீட்டை விட்டே வெளிய வரமாட்டாங்களாம். யாராவது பாக்க வந்தா, கதவுக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு பேசுவாங்களாம். நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரி, கேமரா ஆஃப். பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு இஞ்சி கேக் பண்ணி ஜன்னல் வழியா கூடையில இறக்குவாங்களாம். கேக்கை இறக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கவிதையை இறக்கத் தெரியலையே! இதைத் திறமைன்னு சொல்றதா, பயம்னு சொல்றதா? நம்மகிட்ட அந்தப் பயம் கிடையாது. மெல்பர்ன்ல இருக்கற தமிழன் தனியா இருக்கணும்னு நினைச்சாலும் முடியாது. ஃபோனை ஆன் பண்ணா போதும், ஊரே உள்ள வந்துடும்."

கைதட்டல். பாலா பொன்னாடையை மடியிலிருந்து எடுத்தார். அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சிவனேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர், டார்னெய்ட் கடைத்தொகுதியில் இருக்கும் மருந்துக் கடையின் பார்மசிஸ்ட்.

"ஒரு சின்ன விசயம், சாரதி அண்ணை. அவ பெட்டிக்குள்ளை மட்டும் போட்டு வைக்கேல்லை. பக்கத்து வீட்டிலை இருந்த மச்சாளுக்கு, தமையன்ரை மனுசிக்கு, அனுப்பிக்கொண்டு இருந்தவ. கொஞ்ச நஞ்சம் இல்லை."

"ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பறது அனுப்பறதுல சேருமா மேடம்? அது ஃபார்வர்டுகூட இல்ல."

"மச்சாள் வாசிச்சவ."

"சரி..."

"உங்கடை குழுக்களிலை எத்தினை பேர் வாசிக்கினம்?"

பார்த்தசாரதி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அன்று காலை வந்த கைகூப்பல்களைக் காட்டினார். "பாருங்க. இத்தனை பேரு கைகூப்பியிருக்காங்க."

"கோயிலிலையும்தான் கும்பிடுறம்," என்றார் சிவனேஸ்வரி. "உள்ளுக்கை ஐயர் என்ன சொல்லுறார் எண்டு ஆர் கேக்கிறது?"

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் பெரிதாக வந்தது. பாலா அவசரமாகப் பொன்னாடையைப் போர்த்தி, வெளியே ரோல்ஸ் சூடாக இருப்பதாக அறிவித்தார். பார்த்தசாரதி ரோல்ஸ் தின்றபடியே அந்தப் பெண்மணிக்கு நவீன ஊடகம் புரியவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவர் கராஜில் ஏணியில் ஏறினார்.

காரணம் தொட்டில். வர்ஷா குழந்தையாக இருந்தபோது ஊரிலிருந்து கப்பலில் வந்த மரத்தொட்டில், பிரித்துக் கட்டி, கராஜின் மேல்தட்டில் கிடந்தது. முந்தின இரவு சந்திரகலா போனில் சொல்லியிருந்தார். "வர்ஷாவுக்கு ரெண்டாவது வரப்போகுதுங்க. இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தத் தொட்டிலை இறக்கி வைங்க, யாராவது சிட்னிக்கு கார்ல வந்தா குடுத்துவிடலாம்." பார்த்தசாரதி சந்தோஷம் என்று சொன்னார். சந்தோஷம்தான். ஒரு குழந்தைக்கு மூன்று மாதம் இரண்டு வருடமானால் இரண்டு குழந்தைக்கு எவ்வளவு என்ற சிறு பெருக்கலும் மனதுக்குள் ஓடியது. அன்று காலைக் கவிதையில் அது ஒற்றைப் பறவையாக வந்து, பதினோரு குழுக்களிலும் பாராட்டுப் பெற்றது.

தொட்டிலின் ஒரு பக்கச் சட்டம் கைக்கு வந்தது. ஏணி வரவில்லை. அது வேறு திசையில் போனது. சிமெண்டுத் தரையில் விழுந்தபோது வலது கணுக்கால் எழுப்பிய சத்தம், முருங்கைக்காய் ஒடிக்கும் சத்தம்.

முதலில் அவர் கத்தினார். இடப்பக்க வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. வலப்பக்க வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது. அவர் மறுபடி கத்தினார், நாயும் மறுபடி குரைத்தது. சிறிது நேரம் உரையாடல் இப்படியே போய், நாய் அலுத்து நிறுத்திவிட்டது.

போன் கையில் இருந்தது. சந்திரகலாவைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. சனிக்கிழமை காலை குழந்தைக்கு நீச்சல் வகுப்பு. பாலாவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டார். இந்த ஊரில் யாரும் யாரையும் திடீரென்று கூப்பிடுவதில்லை. 'ஃப்ரீயா? கால் பண்ணட்டுமா?' என்று முதலில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் அடித்தால், ஏதோ நன்கொடை வசூல் என்று விட்டுவிடுவார்கள். அந்த மரியாதையை ஊருக்குள் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

மூன்று சைபரை அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆம்புலன்ஸ் என்பது ஆளில்லாதவர்களுக்கு. இவருக்கு ஒரு நகராட்சியே இருந்தது. குழுவைத் திறந்து எழுதினார்.

"விழுந்துவிட்டேன்
எழ முடியவில்லை
கால் அசையவில்லை
தரை குளிர்கிறது
யாராவது வாருங்கள்"

பதினோரு குழுக்களுக்கும் போனது. உடனே பதில்கள் வரத் தொடங்கின.

கும்பாபிஷேகக் குழுவில் நாலு பேர் கைகூப்பினார்கள். கல்லூரித் தோழர் ஒருவர் 'டீப் மச்சி' என்று எழுதினார். பேட்மிண்டன் குழுவில் ஒருவர், 'தரை குளிர்கிறது, என்ன ஒரு படிமம்! தரை என்பது புலம்பெயர்ந்த மண்தானே?' என்று கேட்க, இன்னொருவர், 'இல்லை, அது முதுமை' என்று விளக்கினார். இருவருக்கும் சிறு வாக்குவாதம் மூண்டது. வேளச்சேரி சங்கத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கு நடுவே இந்தச் செய்தி வந்ததற்கு ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். டார்னெய்ட் குழுவில் போட்டிக் கவிஞர் கௌரிசங்கர் சும்மா விடவில்லை.

"எழு எழு தமிழா!
விழுவது உனக்கொரு
பயிற்சி!"

அதற்கு இவரைவிட அதிகக் கைதட்டல்.

பாலா எழுதினார்: 'சார், சாரி, கால் எடுக்க முடியலை, பையனோட டென்னிஸ்ல இருக்கேன். இந்தக் கவிதையை ஆண்டு மலருக்கு எடுத்துக்கலாமா?'

பார்த்தசாரதிக்கு வேர்த்தது. தரையோ ஐஸ்கட்டி. மறுபடி எழுதினார்.

"இது கவிதை அல்ல
உண்மை"

'சத்தியமான வார்த்தை சார்,' என்றது இலக்கிய வட்டம். 'இது கவிதையையும் தாண்டியது.'

பிறகு யாருக்கோ பிறந்தநாள் என்று தெரியவந்து, குழுக்கள் கேக் படங்களுக்கு மாறின.

அவர் குடும்பக் குழுவைத் திறந்தார். அதில் அத்தை மகன்கள், மாமா பெண்கள் எல்லோருடைய கைதட்டல்களுக்கும் நடுவில் சந்திரகலாவின் பெயர் இருந்தது. நீச்சல் குளத்துக்குள் போகும் முன் போட்டிருக்க வேண்டும். ஒரு கட்டைவிரல். இரண்டு வருடமாக எல்லாக் கவிதைக்கும் அவள் போட்ட அதே மஞ்சள் கட்டைவிரல். இத்தனை நாளும் அதைப் பார்த்தவுடன், கலா படித்துவிட்டாள், இனி காப்பியைக் குடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

போனை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கராஜின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தொட்டிலின் சட்டம் பக்கத்தில் கிடந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட இப்போது தடை ஏதுமில்லை. ஆனால் கூப்பிட்டால் தனக்கு ஆளில்லை என்று உறுதியாகிவிடும் என்பதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

வாசல் மணி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. பிறகு கராஜின் பக்கவாட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

"சாரதி அண்ணை! உள்ளுக்கை இருக்கிறியளோ?"

பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு சிவனேஸ்வரி வந்தார். மருந்துக் கடைச் சீருடை, கையில் கார்ச் சாவி. குனிந்து காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அசையாதேங்கோ. அப்பிடியே கிடவுங்கோ. தலை அடிபட்டதோ?"

"இல்ல. கால்தான். நீங்க எப்படி...?"

"நீங்கள்தானே வாருங்கோ எண்டு எழுதினனீங்கள்."

"எல்லாரும் கவிதைன்னு நினைச்சுட்டாங்க."

"நானும் முதல் வரியிலை அப்பிடித்தான் நினைச்சனான். பிறகு பாத்தா, ஒரு நிலவும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. அடியிலை உங்கடை பேரும் போடேல்லை. நல்லாயிருந்தது. அப்ப இது உங்கடையா இருக்காது, என்னவோ நடந்திட்டுது எண்டு விளங்கிச்சு."

அவ்வளவு வலியிலும் பார்த்தசாரதி கேட்டார். "அப்ப நீங்க என்னுதை எல்லாம் தினமும் படிக்கறீங்களா?"

"எனக்கு மியூட் பண்ணத் தெரியாது அண்ணை. தங்கச்சி வந்து செய்து தாறன் எண்டவள், இன்னும் வரேல்லை. டிங் எண்டு அடிச்சா எடுத்துப் பாக்கிறதுதானே."

மேலே போய்க் கட்டிலிலிருந்த போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வரும்வரை கராஜில் கிடந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, இலக்கிய வட்டக் குழுவில் ஒரு செய்தி எழுதினார். 'சாரதி அண்ணைக்குக் கால் முறிஞ்சு போச்சு. இது கவிதை இல்லை. சிவனேஸ்வரி.'

அதற்கும் முதல் ஆளாக ஒருவர் கைதட்டினார். பிறகு அதை அழித்தார்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். சந்திரகலா மறுநாள் விமானத்தில் வந்து இறங்கினார். பெட்டியைக்கூட கீழே வைக்காமல், கட்டிலருகே நின்றபடியே ஆரம்பித்தார்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? தினம் காலைல உருகறேன், கருகறேன், ஒத்தைப் பறவைங்கறீங்க. நான் முதல் மாசமே ஃபோன் பண்ணிக் கேட்டேன். என்னங்க, தனியா கஷ்டமா இருக்கா, நான் வந்துடட்டுமான்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன சொன்னீங்க? 'அது கவிதை கலா, கவிதையையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பிக்காதே'ன்னு எனக்கு கிளாஸ் எடுத்தீங்க. சரின்னு நானும் குழப்பிக்கறதை விட்டுட்டேன். அன்னையிலிருந்து கட்டைவிரல்தான். இப்ப நிஜமாவே விழுந்து கிடந்தும் மூணு வார்த்தைக்கு ஒரு தடவை என்டரைத் தட்டினா எனக்கு எப்படிங்க தெரியும்?"

அழுதுவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிரேக்கக் கிழவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

கொஞ்சம் அடங்கியதும் சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கவிதை கலக்காமல் கேட்டார்.

"இப்ப கேக்கறேன். நேரா சொல்லுங்க. தனியா இருக்க முடியலையா உங்களால?"

பார்த்தசாரதி இரண்டு வருடமாக எழுநூறு கவிதைகளில் சொல்லிவந்த பதில் ஒரே வார்த்தையில் தொண்டைவரை வந்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் நார்த்மீடைக் காலிசெய்துகொண்டு வந்துவிடுவாள். இரண்டாவது குழந்தையோடு வர்ஷா தனியாக நிற்பாள். சொல்லாவிட்டால் டார்னெய்டில் அந்த நாலு படுக்கையறை வீடு இருக்கிறது.

"சேச்சே," என்றார். "எனக்கென்ன, ஆளா இல்ல இங்க?"

சந்திரகலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஒரு வாரம் இருந்தார். சாம்பார், ரசம், கூட்டு என்று பெயர் எழுதி ஃபிரீசரை நிரப்பிவிட்டுச் சிட்னிக்குத் திரும்பினார். தொட்டிலைக் கௌரிசங்கர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். எழு எழு என்று எழுதியதற்கு அவரால் முடிந்த பிராயச்சித்தம் அது.

ஊர் அதன்பின் பார்த்தசாரதியைக் கைவிடவில்லை. அதுதான் பிரச்சினையே. குற்ற உணர்ச்சி தாங்காமல் பதினோரு குழுக்களும் விழித்திருந்தன. காலில் கட்டோடு வீடு திரும்பிய மூன்றாம் நாள், பழக்கதோஷத்தில், 'நெஞ்சில் பாய்ந்த ஈட்டி' என்று தொடங்கும் கவிதை ஒன்றை அனுப்பினார். கால் மணி நேரத்தில் வாசலில் மூன்று கார்கள் நின்றன. ஒன்றில் இருதய மருத்துவர் இருந்தார். இன்னொன்றில் லெமன் ரைஸ் இருந்தது.

அடுத்த நாள் 'இரவோடு இரவாகக் கரைந்துபோவேன்' என்று எழுதியபோது, போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டி, எல்லாம் நலமா என்று கனிவாக விசாரித்தார். வேளச்சேரிச் சங்கத்தில் யாரோ கூகிளில் தேடி இந்த ஊர்ப் போலீஸ் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்திருந்தார்கள்.

பாலா நேரில் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே மேல 'கவிதை'ன்னு போட்டுட்டுக் கீழ எழுதிடுங்களேன். ஜனங்க ரொம்பப் பதறிடறாங்க."

அவரும் போட்டுப் பார்த்தார். தலைப்பு போட்ட நாளிலிருந்து ஒருவரும் பதறவில்லை. ஒருவரும் திறக்கவும் இல்லை என்பது மெல்ல மெல்லத்தான் அவருக்குப் பிடிபட்டது. ஒருநாள் சோதனைக்காக 'கவிதை' என்று மட்டும் எழுதி, கீழே ஒன்றுமே எழுதாமல் அனுப்பினார். வழக்கமான கைகூப்பல்கள் வந்தன. 'சுருக்கமா இருந்தது சார்' என்று ஒருவர் கூடுதலாகவே பாராட்டியிருந்தார்.

அந்த வாரம் சிவனேஸ்வரி மாத்திரைகள் கொண்டுவந்தார். ஊன்றுகோலில் நின்றபடி கதவைத் திறந்த பார்த்தசாரதி, உள்ளே வந்து காப்பி குடிக்கச் சொன்னார்.

"இல்லை அண்ணை, கடையிலை சனம் நிக்குது. வலி எப்பிடி?"

"பரவால்ல. மேடம், ஒண்ணு கேக்கணும். நேத்து அனுப்பினேனே, வெறும் தலைப்பு... அதைப் பாத்தீங்களா?"

சிவனேஸ்வரி கொஞ்சம் சங்கடப்பட்டார். "தங்கச்சி போன கிழமை வந்தவள். எல்லாக் குழுவையும் மியூட் பண்ணி விட்டிட்டாள். சத்தியமா, வீட்டிலை இப்பதான் ஒரு அமைதி." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "விழுந்தா எனக்கு நேரை அடியுங்கோ. நான் எடுப்பன்."

"விழமாட்டேன்."

"ஓம், விழாதேங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு. போயிட்டு வாறன்."

கார் போகும்வரை அவர் கதவருகே நின்றார். பிறகு உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தார். போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. அதை எடுக்க மறுபடி எழுந்து ஊன்றுகோலைப் பிடிக்க வேண்டும். மேசைமேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த உடற்பயிற்சித் தாள்கள் கிடந்தன. பின்பக்கம் வெறுமை. பக்கத்தில் வங்கி இலவசமாகக் கொடுத்த ஒரு பேனா.

பேனாவில் என்டர் கிடையாது என்பது அவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. வரி தாளின் ஓரம்வரை போய், தானாகவே அடுத்த வரிக்கு இறங்கியது. சிமெண்டுத் தரையை எழுதினார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நாயை எழுதினார். ஆஸ்பத்திரியில் தொண்டைவரை வந்து நின்ற அந்த ஒரு வார்த்தையையும் எழுதினார். அது எழுத்தில் பார்க்க மிகச் சின்னதாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மெல்பர்னின் மழை ஓர் ஓரமாகப் பெய்துவிட்டு நின்றிருந்தது. அதை எழுதவில்லை.

முடித்துவிட்டு ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தார். சமையலறையில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது.

மாலை இருட்டும் நேரத்தில் சந்திரகலா கூப்பிட்டார். எழுதிக் கேட்காமல், நேராக.

"என்னங்க, ரெண்டு நாளா கவிதையே வரலை?"

"நீ பாத்தியா?"

"காலைல கட்டைவிரல் போடப்போனேன், போட ஒண்ணும் இல்ல. நேத்தும் வெறும் தலைப்புதான். உடம்பு நல்லாதானே இருக்கு?"

"நல்லா இருக்கு. நான் விட்டுட்டேன் கலா."

"எதை?"

"எழுதறதை."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ கீழே போட்டு உடைத்தது. வர்ஷா அதட்டும் குரல் கேட்டது. சந்திரகலா போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டு மீண்டும் வந்தார்.

"ஏங்க, நான் அன்னிக்குக் கத்தினதுனாலயா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா. போதும்னு தோணிச்சு."

"அப்ப பொழுதன்னைக்கும் என்னதான் பண்ணுவீங்க?"

"டிவி இருக்கு. வேலை இருக்கு. நீ குழந்தையைப் பாரு."

சந்திரகலா உடனே வைக்கவில்லை. அந்தக் குழந்தை ஓடிவந்து போனுக்குள் தாத்தா என்று கத்திய பிறகுதான் அவர் வைத்தார்.

பார்த்தசாரதி விளக்கைப் போட்டார். தாளை நாலாக மடித்து வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளிலும் ஊன்றுகோலோடு, ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினார். படுக்கையறை வார்ட்ரோப்பின் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். நார்த்மீட் வீட்டில் இடமில்லை என்று சந்திரகலா விட்டுப்போன பட்டுப் புடவைகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. அடியிலிருந்த கத்தரிப்பூ நிறப் புடவையைத் தூக்கி, தாளை அதற்குக் கீழே வைத்து, மேலிருந்த மடிப்புகள் கலையாதபடி கையால் ஒருமுறை நீவிவிட்டார்.

மறுநாள் மாலையும், உடற்பயிற்சித் தாள்களில் இன்னொன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.